ஈரம் படாத பெட்டி

வாழைக்குலையைக் கடலில் முக்கி, நன்றாக உலுப்பி, மறுபடியும் முக்கிய பிறகுதான் ஸெய்னுதீன் அதைப் படகில் ஏற்றுவார். வெங்காயச் சாக்கு துறைமுகத்துச் சீமெந்துத் தரையிலேயே கவிழ்க்கப்படும். உருளைக்கிழங்குகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து உருட்டிப் பார்ப்பார். பாண் ரொட்டியைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகள் ஒரு தடவை இந்தக் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் வந்து இவரிடம் பாடம் கேட்டுப் போனால் நாட்டுக்கு நல்லது.

கிண்ணியாக்காரரான ஸெய்னுதீன் ஆழ்கடல் மீன்பிடிப் படகொன்றின் சமையற்காரர். வாரக்கணக்கில் கடலில் நின்ற படகு கரைக்கு வந்ததும் மற்றவர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள்; இவர் காவலுக்கென்று படகிலேயே தங்கிவிடுவார். வீடு ஒன்றும் தூரத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை போவார், ஜும்ஆ தொழுவார், மனைவி பல்கீஸின் கையால் வயிறாரச் சாப்பிடுவார், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். "கட்டில் ஆடாம இரிந்தா எனக்கு நித்திர வராது," என்பது அவருடைய கட்சி. தனக்கு ஒரு சக்களத்தி உண்டு, அவளில் எந்நேரமும் டீசல் மணக்கும் என்று பல்கீஸ் அயலாரிடம் சொல்லிச் சிரிப்பார்.

படகில் அவருக்கு இரண்டு எதிரிகள்; கரையில் நடக்கும் சோதனையெல்லாம் இவர்களுக்காகத்தான். எலிக்குப் 'பெரியவர்' என்றும் கரப்பானுக்குச் 'சின்னவர்' என்றும் பெயர் வைத்திருக்கிறார். சொந்தப் பெயரைச் சொன்னால் அவர்களுக்குக் காது கேட்டுவிடுமாம். பெரியவரைத் தடுப்பதற்காக, படகைக் கரையோடு கட்டியிருக்கும் கயிறுகளிலெல்லாம் பழைய பெயின்ட் வாளி மூடிகளைத் துளையிட்டுக் கோத்திருக்கிறார். கயிற்றில் நடந்து வருபவர் மூடியில் முட்டி, வந்த வழியே திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பக்கத்துப் படகு இரத்தினசிங்கம் சம்பூர்க்காரர், நிதானமான மனிதர். அந்த மூடிகளை வெகுநேரம் ரசித்துப் பார்த்துவிட்டு, "கயித்துக்கெல்லாம் காவல் போட்டிட்டியள் நானா. அவர் இந்தப் பலகையால நடந்து வந்தா என்ன செய்வியள்?" என்று கேட்டார். படகுகள் அருகருகேதான் நின்றன. ஆட்கள் ஏறி இறங்க நடுவே அகலமான பலகை வேறு கிடந்தது. அன்றிலிருந்து மாலையானதும் ஸெய்னுதீன் பலகையை உள்ளே இழுத்துவிடுவார். ஸ்கிப்பர் முனாஸே ஒருநாள் இரத்தினசிங்கத்தின் படகில் நின்றுகொண்டு, தன்னுடைய படகுக்குள் வருவதற்கு அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

பெரியவர் அடங்கிவிட்டார். சின்னவர்கள்தான் அடங்கவில்லை. போன பயணத்தில் பருப்புக் கறியில் ஒருவர் மிதந்தார். அவர் வேறு யாருடைய சாப்பாட்டுக் கோப்பைக்காவது போயிருக்கலாம். முனாஸின் கோப்பைக்கே போய்ச் சேர்ந்தார்.

"நானா, இன்னொரு முற இப்பிடி நடந்தா நீங்க வீட்ட இரிங்க. சமைக்க வேற ஆளப் பாப்பம்."

முனாஸ் சத்தம் போட்டிருந்தால் ஸெய்னுதீன் பயந்திருக்க மாட்டார். அவர் மெதுவாகச் சொன்னார். ஆடாத கட்டிலையும், ஆறு பேருக்குச் சமைக்கத் தேவையில்லாத பகல்களையும் நினைத்தபடி, ஸெய்னுதீன் அன்றிரவே அடுப்படிப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவினார்.

சட்டங்கள் இறுகின. அட்டைப் பெட்டி எதுவும் படகில் ஏறக்கூடாது என்றானது. "மடிப்புக்குள்ள சின்னவர் முட்ட வெச்சிருப்பார். நமக்குத் தெரியாது," என்று, கட்டைபறிச்சானிலிருந்து வரும் வலைக்காரன் நிருபனின் பிஸ்கட் பெட்டியைத் துறைமுகத்திலேயே பிரித்துப் போட்டார். நிருபன் பிஸ்கட் பக்கற்றுகளைச் சாரத்து மடியில் ஏந்திக்கொண்டு ஏறினான்.

அப்படி ஏறியவன், தனக்குப் பின்னால் ஒரு பெரிய அட்டைப் பெட்டி வருவதைக் கண்டான். நீலக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய அதை ஸெய்னுதீன் இரு கைகளாலும் ஏந்தி, நேரே தன் படுக்கையின் கீழ் கொண்டுபோய் வைத்தார்.

"சட்டம் எங்கட பெட்டிக்கு மட்டும்தானோ, நானா?"

"இது பல்கீஸ் கட்டின பெட்டி, தம்பி."

அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு பயணத்துக்கும் முதல்நாள் அந்தப் பெட்டி கிண்ணியா பஸ்ஸில் மாசிச் சம்பலும் முறுக்கும் இனிப்புத் தொதலும் சுமந்து வரும். பயணம் முடிந்ததும் வெறும் பெட்டியாக வீடு திரும்பும். அடுத்த பயணத்துக்கும் அதே பெட்டிதான். பல்கீஸின் குசினிக்குள் எறும்புகூடக் கேட்டுத்தான் வரும். அப்பேர்ப்பட்டவரின் பெட்டியை நாலு பேர் பார்க்கத் தரையில் கவிழ்ப்பது மரியாதையா?

மறுநாள் புறப்படும் நேரம். மத்தியானச் சோற்றுக்குச் சம்பல் எடுக்கலாமென்று கயிற்றைத் தளர்த்தி மூடியை உயர்த்தினார். மடிப்புக்குள் பயற்றை அடுக்கியதுபோல் பழுப்பு நிறத்தில் முட்டைக் கூடுகள். தொதல் சுற்றிய துணிக்கடியிலிருந்து இரண்டு சின்னவர்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் நின்று மீசையை ஆட்டினார். மற்றவர் நேரே மேல்தட்டுக்கு ஓடினார்.

மேலே முனாஸின் குரல் கேட்டது. "நிருபன், உன்ட பிஸ்கட்டோட வந்ததுதானே இது? உன்னால அந்த மனுசன்ட வேல போகப் போகுது."

பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டால் கதை முடிந்தது. கால் அந்தப் பக்கம் போகவும் செய்தது. ஆனால் சாரத்தில் பிஸ்கட்டை ஏந்திக்கொண்டு ஏறிய நிருபன் மனத்தை உறுத்தினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

"அவனில்ல முனாஸ். என்ட பெட்டி."

நிருபன் சிரிப்பை அடக்கக் கடலைப் பார்த்தான். முனாஸ் பெட்டியைப் பார்த்தார், நீலக் கயிற்றைப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் வாழைக்குலைய முக்கினீங்களே, நானா. இந்தப் பெட்டி இப்பிடியே இதுக்குள்ள கிடக்க ஏலாது. மாட்டன் எண்டா நீங்களும் அதோட இறங்குங்க."

"எறிஞ்சா பல்கீஸுக்கு என்னண்டு சொல்லுற?"

"அத நீங்கதான் யோசிக்கணும்," என்று முனாஸ் இஞ்சினைப் போடப் போனார். பல்கீஸிடம் சொல்லும் வேலையை அவரும் ஏற்கத் தயாராக இல்லை.

ஸெய்னுதீன் முறுக்கையும் தொதலையும் சம்பலையும் தட்டி உதறி, மூடியுள்ள வாளிகளுக்கு மாற்றினார். வெறும் பெட்டியை மூடி, நீலக் கயிற்றை முன்பு இருந்தபடியே இறுக்கிக் கட்டினார். அதைத் தூக்கிக்கொண்டு படகின் பின்பக்கம் போகும்போது போன் அடித்தது.

"பெட்டி பத்திரமா?" என்று கேட்டார் பல்கீஸ். "எறிஞ்சி போடாதீங்க, அடுத்த முறைக்கும் வேணும். ஈரம் படாம வைங்க."

"ஓம் பல்கீஸ், பத்திரமா இரிக்கி. ஒரு சொட்டு ஈரம் படல்ல," என்றார் ஸெய்னுதீன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நீலக் கயிற்றைப் பிடித்துப் பெட்டியைக் கடலில் முக்கி, நன்றாக உலுப்பி, மறுபடியும் முக்கினார்.