பின்னால் வந்த சைக்கிள்

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிரேக் அக்கா. பூனை குறுக்கே வரலாம் என்று தோன்றினாலே போதும், அது வருவதற்கு முன்பே பிரேக்கை மிதித்துவிடுவாள். பின்சீட்டில் நின்றுகொண்டு ஆட்டம் போடுகிற வாண்டுகள் முன்சீட்டில் வந்து விழும். அதுகள் வைத்த பெயர் தெருவுக்கும் பரவி, கடைக்காரர், எதிர்வீட்டுக்காரி எல்லாரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தால் போதும், என்ன பெயர் வைத்தால் என்ன என்பாள். ஐம்பதைத் தாண்டிய வயது, தடித்த மணிக்கட்டு, எதையும் ஒரே தடவைதான் சொல்லுகிற வாய்.

அவள் புருஷனுக்குத் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை. வாரமெல்லாம் நின்ற இடத்திலேயே நின்று கடிதங்களை அறை அறையாகத் தள்ளுகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தரையில் பாவாது. அப்படி ஒரு சைக்கிள் பைத்தியம். சனிக்கிழமை சாயங்காலமே சைக்கிள் மாட்டுகிற ரேக்கை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போய்விடுவார். அது ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. மடக்கிப் பிரிக்கிற இரும்புக் குழாய்ச் சட்டம். அதை டிக்கி மூடியின் மேல் சாய்த்து வைத்து, மூடியின் விளிம்புகளில் மேலும் கீழும் பக்கங்களிலும் கொக்கிகளை மாட்டி, நைலான் பட்டைகளைப் பக்கிளில் விட்டு இழுக்க வேண்டும். முழங்காலை பம்பரில் ஊன்றிக்கொண்டு அவர் இழுக்கிற இழுப்பில் காரே ஒரு தடவை குனிந்து நிமிரும். அப்புறம் சைக்கிளைத் தூக்கி அந்தச் சட்டத்தின் இரண்டு கைகளில் மாட்டுவார். அதோடு டிக்கியைத் திறக்க முடியாது. வேண்டியதையெல்லாம் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் விடியும்போது அவள் ஓட்டுவாள். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய், ஆட்டத்தில் தளர்ந்த பட்டைகளை இன்னொரு தடவை இழுத்துவிட்டு வருவார். அணைக்கட்டில் இறங்கி அவர் சைக்கிளில் வீடு திரும்புவார். அவள் காரில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து வருவாள், லாரிக்காரன் யாரும் அவரை இடித்துவிடக் கூடாதே என்று. கட்டுகிற வேலை அவருடையது, ஓட்டுகிற வேலை அவளுடையது. இவள் பட்டையைத் தொட்டதில்லை, அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் சண்டை வராத ஒரே விஷயம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை அப்படிக் கட்டி முடித்துவிட்டுப் படுத்தவர், ஞாயிறு எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

காரியமெல்லாம் முடிகிற வரைக்கும் கார் வாசலிலேயே நின்றது, முதுகில் சைக்கிளோடு. அவள் தங்கை புருஷன் நல்லெண்ணத்தோடுதான் அதைக் கழற்றப் போனார். உள்ளேயிருந்து இவள் வந்த வேகத்தைப் பார்த்து மனுஷன் இரண்டடி பின்வாங்கிவிட்டார். அது அவர் கையால் கட்டினது, யாரும் தொடக் கூடாது என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். அவர் கை கடைசியாகச் செய்த வேலை அந்தப் பட்டைகளில் இருந்தது. அதை அவிழ்த்துவிட்டால் அவருடையது என்று மிச்சம் ஒன்றும் இல்லை. இதை அவள் யாருக்கும் விளக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. சரி, கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நாள் என்பது மாதங்களானது. பஸ் நிற்கிற பணிமனைக்கும், காய்கறி வாங்கவும், தங்கை வீட்டுக்கும் அவள் அந்தச் சைக்கிளைச் சுமந்துகொண்டே போய் வந்தாள். டிக்கி திறக்க முடியாததால் அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் பின்சீட்டில் ஏறின. எதிர்வீட்டுக்காரி, அக்கா எப்ப சைக்கிள் ஓட்டக் கத்துக்கப் போறாங்க என்று வாயைக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் விஷயம் அதுவல்ல. நைலான் பட்டை தளரும். அது அவளுக்கே தெரியும். பாதி வழியில் அவர் இறங்கி இழுத்ததை எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறாள். இப்போது இழுக்க ஆள் இல்லை. இவள் தொடவும் மாட்டாள். அப்படியும் ஒவ்வொரு நாள் காலையிலும் வண்டியை எடுக்கும் முன் விரலால் பட்டையைத் தட்டிப் பார்த்தால், விண்ணென்று இருந்தது. நேற்றுத்தான் கட்டினது போல.

முதலில் நம்பவில்லை. நல்ல பட்டை, அவர் கட்டின கட்டு அப்படி என்று நினைத்தாள். அப்புறம் ஒருநாள் வேண்டுமென்றே கரடுமுரடான பாதையில் போய்விட்டு வந்தாள். சாயங்காலம் சைக்கிள் தொளதொளவென்று ஆடியது. மறுநாள் காலையில் போய்த் தொட்டால், இறுக்கம். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயமா என்றால் பயம்தான். ஆனால் பயத்துக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது, அதுதான் கெட்ட விஷயம். அன்றைக்கு வாசலில் நின்று, அவர் போன பிறகு முதல் தடவையாக, அவள் சிரித்தாள்.

பாட்டு தொடங்கியதும் அந்த நாட்களில்தான். வண்டி வேகம் எடுத்ததும் பின்னாலிருந்து ஒரு ரீங்காரம் வரும். வாயை மூடிக்கொண்டு ஒருவர் முனகுவது மாதிரி. வேகம் கூடினால் சுதி கூடும், குறைந்தால் இறங்கும். அவர் இருந்தவரை காரில் அந்தச் சத்தம் வந்ததே கிடையாது. ஒருநாள் தங்கை ஏறி உட்கார்ந்தாள். ஊருக்கு வெளியே போனதும் அந்த முனகல் வந்தது. தங்கை முகத்தில் ஈயாடவில்லை. என்னக்கா அது என்றாள். "உங்க மாமாதான். காலையில இருந்து நல்ல மூட்ல இருக்கார்" என்றாள் இவள், சாதாரணமாக. தங்கை அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி பஸ் பிடித்துப் போனவள்தான், அதற்கப்புறம் அந்தக் காரில் ஏறவேயில்லை.

பிரேக் அக்காவோ வேலை இல்லாத வேளையிலும் புறவழிச் சாலைக்குப் போக ஆரம்பித்தாள். உள்கண்ணாடியில் பார்த்தால் சைக்கிளின் முன்சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டே வரும். சீட் நனையாமலிருக்க அவள் கட்டியிருந்த கறுப்புப் பை காற்றில் உப்பி, குனிந்து மிதிக்கிற முதுகு போலத் தெரியும். இத்தனை வருஷம் அவருக்குப் பின்னால் இவள் போனாள்; இப்போது இவளுக்குப் பின்னால் அவர் வருகிறார். பேசிக்கொண்டே ஓட்டுவாள். பஸ்ஸில் யார் வாந்தி எடுத்தது, தண்ணீர் வரி ஏறினது, எல்லாம். ஒருநாள் பனிமூட்டத்தில் பின்னால் வந்த வேன்காரர் விளக்கை மினுக்கி மினுக்கிக் காட்டி, பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, யாரோ ஒருத்தர் உங்க வண்டியைத் துரத்திக்கிட்டு வர்றார்னு நினைச்சுட்டேம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் அவள் கண்ணாடியில் சைக்கிளையே பார்த்துக்கொண்டு வந்ததில் சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை. கைக்குழந்தையோடு சாலையைக் கடந்த ஒரு பெண் பின்னால் துள்ளியதால் பிழைத்தாள். பிரேக் அக்கா பிரேக் போடவில்லை. தாண்டிப் போய்த்தான் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். மறுநாள் பஸ் நிறைய ஊரார் பெற்ற பிள்ளைகள் ஏறுமே என்று நினைத்தாள். அன்றைக்கே சைக்கிளை இறக்கியிருக்க வேண்டும். மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

மகள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை, பெரும்பாலும் ராத்திரி முறை. வெளிச்சம் வருகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து, அம்மா போட்டு வைத்த டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். இவள் கிளம்பும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

அந்த வாரத்தில் ஒருநாள் முன்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. அவருக்கு மிதிக்கக் கஷ்டமாக இருக்குமே என்று, சொன்னால் சிரிப்பீர்கள், அப்படி நினைத்துத்தான் அவள் அவர் வழக்கமாகப் போகிற சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர் காற்றடித்துவிட்டு ரேக்கைச் சுற்றி வந்தார். பட்டையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"வேகமா போனா இது பாடுமே?" என்றார்.

பாடும் என்றாள் அவள்.

"தட்டையா விட்டுக் கட்டியிருக்காங்க. ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டினா சத்தமே வராது. யாரு கட்டினது?"

அவர்தான் என்று அவள் சொல்லவும் கடைக்காரர் தலையை ஆட்டினார். "இருக்காதும்மா. அவர் முறுக்காம கட்டவே மாட்டார். இது வேற கை."

அவளுக்கு வந்த கோபத்தில் கடைக்காரரைச் சுட்டெரித்திருப்பாள். வண்டியை எடுத்துவிட்டாள். வழியெல்லாம் அந்த முனகல் வந்தது. முதல் தடவையாக அது அவளுக்கு யாரோ தெரியாத ஆளின் குரலாகக் கேட்டது. வேற கை. அப்படியென்றால் தினமும் விடியும் முன் தன் வாசலுக்கு வந்து போவது யார்?

மறுநாள் அவள் அடுப்படிக்குப் போகவில்லை. முன்னறையில் விளக்கைப் போடாமல், திரைக்குப் பின்னால் நின்றாள். வெளியே பனி. தெருவிளக்குகள் அணைந்து, வெளிச்சம் இன்னும் சரியாக வராத நேரம். கார் ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. கால் மரத்துப் போகிற வரை நின்றாள்.

தெருமுனையிலிருந்து இரண்டு வெள்ளிக் கோடுகள் ஆடி ஆடி வந்தன. அவளுக்கு அந்தக் கோடுகள் தெரியும். அவர் சைக்கிள் ஓட்டும்போது போடுகிற ஜாக்கெட்டின் முதுகிலும் கையிலும் இருக்கிற ஒளிர்பட்டை. அவர் போன பிறகு அந்த ஜாக்கெட்டை அவள் வீட்டில் பார்க்கவில்லை. தேடவும் துணிவு வரவில்லை. இப்போது அது நடந்து வந்தது. கேட்டைத் தாண்டி, நேராகக் காருக்குப் பின்னால் போனது. முழங்காலை பம்பரில் ஊன்றியது. இழுத்தது. கார் ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தது.

அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. ஓடத் தோன்றவில்லை. வாங்க, உள்ளே வாங்க என்று சொல்லத்தான் வாய் திறந்தது. செருப்புக்கூடப் போடாமல் கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் இறங்கி, "என்னங்க" என்றாள்.

ஜாக்கெட் திரும்பியது. உள்ளே இருந்தது மகள்.

இரண்டு பேரில் யார் அதிகம் பயந்தார்கள் என்று சொல்ல முடியாது. மகள் கையிலிருந்த பட்டை நழுவிக் காரில் அடித்தது. அம்மாவின் முகத்தில் அந்த ஒரு கணம் இருந்த வெளிச்சத்தையும், அது அணைந்ததையும் அவள் பார்த்துவிட்டாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள் அம்மா.

காரியம் முடிந்து வண்டியை எடுத்த முதல் வாரத்திலிருந்தே என்றாள் மகள். அப்போதே மேல்கொக்கி கழன்று தொங்கியதாம். சைக்கிள் ரோட்டில் விழுந்து யார் மேலாவது ஏறிவிடும் என்று பயந்து, எல்லாவற்றையும் அவிழ்த்து, அப்பா செய்வதைப் பார்த்திருந்த ஞாபகத்தில் மறுபடி கட்டினாளாம்.

ஆக, வண்டி ஓட ஆரம்பித்த பிறகு அவர் கட்டின கட்டு ஒரு வாரம்கூட இருக்கவில்லை. மீதி மாதங்களெல்லாம் அவள் யாரோடு பேசிக்கொண்டு வந்தாள்? மகளை அறையக் கை ஓங்கிவிட்டது. "ஏன்டி சொல்லல?"

"சொல்லத்தான் நினைச்சேன். நீ அதைத் தொட்டுப் பாத்துட்டுச் சிரிச்சதை ஜன்னல் வழியாப் பாத்தேன். வேற எங்கயும் நீ சிரிக்கலம்மா. சரி, நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

ஓங்கிய கை ஜாக்கெட்டின் மேல் வந்து விழுந்தது. அவள் அந்தத் துணியை முகத்துக்கு இழுத்து மோந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி மருந்து நெடிதான் வந்தது. அவர் வாசனை எள்ளளவும் இல்லை.

"இதை எதுக்குப் போட்டுக்கறே?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "இருட்டோட தனியா நடந்து வர்றேன்ல. பாலத்துக்கு அடியில யாராவது நிப்பாங்க. இதைப் போட்டா ஆம்பளைன்னு நினைச்சு விட்டுடுவாங்க. எனக்கும் அப்பா கூட வர்ற மாதிரி இருக்கும்."

அந்தப் பாலம் அம்மாவுக்குத் தெரியும். புறவழிச் சாலை அதன் மேலேதான் போகிறது. மகள் வருமுன்பே கிளம்பிவிட்ட சில விடியற்காலைகளில் அதன் மேல் இவள் கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டிப் போயிருக்கிறாள். கீழே பெற்ற மகள் பயந்து பயந்து நடந்து வந்திருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறவள்.

"என்னை வரச் சொல்லியிருந்தா கார்ல வந்து கூட்டிட்டு வந்திருப்பேனேடி."

"கார்ல அப்பா இருந்தாரேம்மா" என்றாள் மகள். "நான் எங்க ஏறுறது?"

அம்மா பம்பரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் செத்த அன்றைக்குக்கூட வராத அழுகை அப்போது வந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது. மகள் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்த பிறகு அம்மா எழுந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பக்கிளில் கை வைத்தாள். எதை அமுக்கினால் அவிழும் என்று தெரியவில்லை. மகள் காட்டிக் கொடுத்தாள்.