பிந்தி வரும் சத்தம்

அன்று வீட்டில் இருந்தது நான், ஏறாவூரிலிருந்து கம்ப்யூட்டர் திருத்த வந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் ஒருவர், கதிரைக்குக் கீழே படுத்திருந்த பூனை. மேசையில் இரண்டு சின்னக் கறுப்பு ஸ்பீக்கர்கள். அவற்றுக்குள் கட்டாரில் இருக்கும் என் மகன்.

வாரம் ஒரு தடவை அவன் குரலைப் பதிந்து அனுப்புவான். போகுமுன் லினக்ஸ் போட்டுத் தந்த பழைய கம்ப்யூட்டரில்தான் கேட்பேன். அந்த மாதம் குரல் துண்டு துண்டாக வந்தது. "அப்பா, நா... ன் நல்... லா..." எட்டாம் வகுப்போடு வட்டைக்கு, வயல் வேலைக்குப் போனவன் நான். பிழை மிசினிலா, பிள்ளையிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வயரை மாற்றினேன். ஸ்பீக்கரை வெயிலில் வைத்தேன். கடைசியில், அவன் அழுகிறான் என்றே முடிவு கட்டிவிட்டேன். கேட்டால் மறைப்பான்.

"வெயில்ல காய வெச்சீங்களா? நல்ல காலம், நெல்லப் போல அவிக்காம உட்டீங்க" என்று நானா சிரித்தார். ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார். அதிலும் திக்கியது. ஒரு பாட்டைப் போட்டார். பாட்டும் திக்கியது. எனக்கு மூச்சு வந்தது. பாட்டு அழாது அல்லவா?

"சத்தத்தச் சேத்து வெக்கிற இடத்த ஆரோ நல்லாக் குறைச்சிரிக்காங்க. மிசினும் கிழடாப் போச்சி. சின்னக் குட்டையில இருந்து வயலுக்குத் தண்ணி பாய்ச்சினா எப்பிடி? நிரம்ப முந்தி வத்திப் போகும்."

அந்த 'ஆரோ' என் மகன்தான். பாட்டு வாசிக்கிற கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு பூட்டி வாசிப்பான். தட்டிய உடனே சத்தம் கேட்க வேண்டும் அவனுக்கு, அதற்காகக் குறைத்திருக்கிறான்.

நானா கறுப்புத் திரையில் ஏதோ அடித்தார். "குட்டையப் பெருப்பிச்சிட்டன். இனிக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஆனா முழுசா வரும்."

வந்தது. வேலை, சாப்பாடு, வெக்கை எல்லாம் தடங்காமல் சொன்னான். "அப்பா, நான் நல்லா" என்ற இடத்தில் மட்டும் குரல் உடைந்தது. நானா பாட்டைப் போட்டார், ஓடியது. மகனைப் போட்டார், அதே இடத்தில் உடைந்தது. மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

"இது மிசின் இல்ல, அண்ணன்."

நான் தேத்தண்ணி போடப் போய்விட்டேன். நானா போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "மகன் வந்தாச் சொல்லுங்க, வாசிக்கிறதுக்குப் பழையபடி குறைச்சித் தாறன்."

நானாவும் இப்போது வெளிநாடு போய்விட்டார். மகன் "நல்லா இருக்கன்" என்று எங்கும் நிற்காமல் சொல்கிறான். சொல்லிப் பழகிவிட்டான் போல. எனக்கு அதுதான் இன்னும் பயம்.

சில மாலைகளில், மூடியிருக்கும் துணியை விலக்கி அவனுடைய கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டுவேன். விரலை எடுத்த பிறகுதான் ஸ்பீக்கரில் சத்தம் வரும்.