ஒன்றரை மணி ஏகாம்பரம்

என் வீட்டுக்காரரை மலாக்காவில் யாரும் வெறும் ஏகாம்பரம் என்று கூப்பிட்டதில்லை. ஒன்றரை மணி ஏகாம்பரம் என்றால்தான் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் துக்காங் எமாஸ் தெருவிலிருந்து காஜா பெராங்குக்கு நடந்து வருகிற வழியில், காலத்தில் வழுக்கி ஒன்றரை மணி நேரம் பின்னால் போய் விழுந்தவர் என்று அவருக்குப் பெயர். நிஜமா என்று என்னைக் கேட்காத ஆளில்லை. கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், இழவு வீட்டிலும் கேட்பார்கள். மூத்தவனைப் பெற்றுப் போட்டுப் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஒருத்தி, பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டாள். இப்போது அவர் போய்விட்டார். இனி யார் கழுத்துக்கும் கத்தியில்லை. அதனால் சொல்கிறேன்.

அவர் குருபோங் பக்கத்திலிருந்து டவுனுக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வரும் மாட்டு வண்டிக்காரர். தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு வண்டி, இரண்டு மாடு, எங்கே போனாலும் பிந்திப் போகிற பழக்கம். கோயிலுக்குப் போனால் பிரசாதம் தீர்ந்திருக்கும். பந்திக்குப் போனால் இலை எடுத்துக்கொண்டிருப்பார்கள். மாடு மெதுவாய் வருகிறது என்பார். மாட்டைக் கேட்டால் அது வேறு கதை சொல்லியிருக்கும்.

என் அப்பா பொன்னுதுரை இதற்கு நேர் எதிர். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, வெள்ளைக்காரன் ஓடியதும் வேலை போய், காஜா பெராங்கில் பரம்பரையாக மலாய் பேசும் செட்டிகள் குடியிருந்த செட்டிக் கம்பத்தை ஒட்டிய வாடகை வீட்டில் என்னையும் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இரண்டில் எது செல்லம் என்று கேட்டால் நான் சண்டைக்கு வருவேன். ராகு காலத்தில் அவர் தண்ணீர்கூட வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

அந்தக் கடிகாரத்துக்குத்தான் கேடு வந்தது. ஜப்பான்காரன் வந்ததும், இனி ஊரெல்லாம் தோக்கியோ நேரம், எல்லாரும் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். எட்டு மணி என்பார்கள், வெளியே கோழிகூடச் சரியாக விழித்திருக்காது. வருடத்தையும் விட்டுவைக்கவில்லை. நேற்றுவரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் இருந்தவர்கள், மறுநாள் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில் கண் விழித்தோம். ஒரு அரசாங்கமே அறுநூற்று அறுபது வருடம் தாண்டிக் குதித்தது, எவனும் விசாரணை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒன்றரை மணி வழுக்கியதற்குத்தான் விசாரணை வந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கிறது, இலவம்பஞ்சைப் பிடித்துக் கணக்குக் கேட்கிறார்கள்.

எங்கள் தெரு வீடுகளுக்கெல்லாம் பொறுப்பாக தேவதாஸ் என்பவரை வைத்திருந்தார்கள். கையில் பட்டை கட்டியதிலிருந்து அவருக்கு நடையே மாறிவிட்டது. அவர் பார்க்க, தெருவே பார்க்க, அப்பா முக்காலியில் ஏறி முள்ளை முன்னால் தள்ளினார். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் ஏறிப் பின்னால் தள்ளினார். ராகு காலம் சூரியனைப் பார்த்து வருவது, தோக்கியோவைப் பார்த்து வருமா என்பது அவர் வாதம். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் நான் முக்காலியில் ஏறி முள்ளைத் தள்ள வேண்டும், போனதும் இறக்க வேண்டும். அந்தக் காலத்தில் எனக்குக் கெண்டைக்கால் இறுகியது அதனால்தான். வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அப்போது அது வேடிக்கையில்லை. ரேடியோவை ஒளித்து வைத்ததற்காக அடுத்த தெருவில் ஒருவரைக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவே இல்லை.

ஏகாம்பரம் எங்கள் வீட்டுக்குக் கிழங்கு இறக்கிப் போடுவார். இறக்கும்போது என்னைப் பார்ப்பார். நானும் பார்த்தேன், மறைப்பானேன். அரிசி இல்லாத நாளில் கிழங்கு கொடுக்கிற மாப்பிள்ளை லேசுப்பட்டவன் இல்லை என்று அப்பாவுக்கும் தெரியும். வயதுக்கு வந்த பெண்ணைச் சீக்கிரம் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போது எல்லா வீட்டிலும் பயம். ஆனால் பெண் பார்க்க வரச் சொன்ன நாளில் அவர் சாயங்காலம் வந்து நின்றார். அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வர வேண்டும், பிந்தினால் மூவாரில் ஒரு வரன் காத்திருக்கிறது, பெண் அங்கேதான்.

எந்த ஒன்பது என்று சொல்ல அப்பாவுக்குத் தைரியமில்லை. கேட்க ஏகாம்பரத்துக்குப் புத்தியில்லை. ஊரில் இருப்பதே ஒரு ஒன்பது என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை மனிதர் குளித்து, விபூதி பூசி, இருட்டோடு கிளம்பிவிட்டார். பாதி வழியில் மயிலைக்காளை நடுரோட்டில் படுத்துவிட்டது. வாலை முறுக்கினார், கெஞ்சினார், அதன் காதில் என் பெயரைக்கூடச் சொன்னாராம். அது அசை போட்டுக்கொண்டு கிடந்தது. கடைசியில் வண்டியை ஒரு தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். வழியில் ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்து கும்பிடும்போது பாக்கெல்லாம் சிதறி, அதைப் பொறுக்கக் கொஞ்ச நேரம். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது, பக்கத்தில் முடிவெட்டும் கடை வைத்திருந்த நல்லையாவின் கடிகாரத்தில் பத்தரை. நல்ல நேரம் முடிந்தது. மூவார்க்காரனுக்கு யோகம்.

கோயில் வாசலில் உட்கார்ந்து ஏகாம்பரம் கோவென்று அழுதார். நல்லையா பாதி மழித்த ஆளை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார், பாதி மழித்தவரும் வந்து பார்த்தார். போய்த் திட்டையாவது வாங்கிக்கொண்டு வா என்று நல்லையாதான் அனுப்பி வைத்தார். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு அரை மணி நடை.

நான் உள்ளே பூ வைத்துக்கொண்டிருந்தேன், அன்று முள்ளைத் தள்ள ஆளில்லை. எங்கள் வீட்டுக்குள் அவர் கால் வைத்தபோது கடிகாரம் அரை மணிக்கு அடிக்கிற ஒற்றை மணியை அடித்தது. நிமிர்ந்து பார்த்தார். ஒன்பதரை. அப்பா முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

"வாங்க மாப்பிள, இப்பதான் ராகு காலம் கழிஞ்சிச்சு. கணக்கா வந்துட்டீங்களே" என்றார்.

ஏகாம்பரம் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். அப்புறம் தட்டை என் அப்பா காலடியில் வைத்துவிட்டு அப்படியே தரையில் விழுந்தார். பெரியவரை வணங்குகிறார், என்ன மரியாதை என்று அப்பா பூரித்துப்போனார். உண்மையில் அவருக்குத் தலை சுற்றியிருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வெற்றிலையை மாற்றிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். மனிதர் நேராக நல்லையா கடைக்குப் போய், பிள்ளையார் எனக்கு ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லிவிட்டார். முடிவெட்டும் கடையில் சொன்னால் தண்டோரா எதற்கு? அவர் பத்தரைக்குக் கோயிலில் அழுததற்கு நல்லையாவும் பாதி மழித்தவரும் சாட்சி. ஒன்பதரைக்கு எங்கள் வீட்டுக்குள் வந்ததற்கு, வாயைக் கட்டத் தெரியாமல் கணக்காக வந்தார் மாப்பிள்ளை என்று அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிட்ட என் அப்பாவே சாட்சி. இரண்டு பக்கமும் பொய் சொல்லாதவர்கள். அப்பா முள்ளைத் தள்ளியதை ஊரே கண்ணால் பார்த்திருக்கிறது. ஆகவே வழுக்கியது காலம்தான் என்று முடிவாயிற்று.

சோதித்துப் பார்க்க ஊர் கிளம்பியது. நல்லையா கடையில் மணி பார்ப்பார்கள், கோயில் வாசலில் உட்கார்ந்து அழுவார்கள், நடந்து வந்து எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அழுதால்தான் பலிக்கும் என்று ஒரு கட்சி. பின்னோக்கி நடந்தால்தான் என்று இன்னொரு கட்சி, அதில் ஒருவர் சாக்கடையில் விழுந்தார். செட்டிக் கம்பத்து நாச்சியம்மை அக்கா வந்து "பெத்துல் கா, சீதா?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். நிஜம்தானா என்று கேட்பது அவர்கள் மலாயில் அப்படித்தான். நிஜமென்றால் தன்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் அனுப்ப முடியுமா, சியாம் அரிசி கிடைத்த வருடம்வரை போனால் போதும் என்றாள். நான் சிரித்த சிரிப்பில் முக்காலியிலிருந்து விழப் பார்த்தேன். ஆமாம், முக்காலியில்தான் இருந்தேன். ஒவ்வொரு கூட்டமும் உள்ளே வருவதற்கு முன்னால் முள்ளைத் தோக்கியோவுக்குத் தள்ளிவிட்டு, இறங்க நேரமில்லாமல் அதிலேயே உட்கார்ந்துவிடுவேன். அதனால் வந்தவர் யாருக்கும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை. அழுத கண்ணோடு திரும்பிப் போனார்கள். பார்த்தீர்களா, ஏகாம்பரத்துக்கு மட்டும்தான் பிள்ளையார் அருள் என்று பேச்சு இன்னும் பெரிதாயிற்று.

தேவதாஸ் ஒருவர்தான் அழவுமில்லை, நடக்கவுமில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஒன்றரை மணி. தோக்கியோவுக்கும் பழைய நேரத்துக்கும் அதே ஒன்றரை மணி. மறுநாள் காலை எங்கள் வீட்டில் விசாரணை, பிறகு மேலே தகவல் என்று ஆளனுப்பினார். அப்பா அன்று சாப்பிடவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

ஏகாம்பரம் கிழங்கு இறக்க வந்தபோது கொல்லைப்புறத்தில் வைத்து உண்மையைச் சொன்னேன். பிள்ளையார் கொடுக்கவில்லை, அப்பாவின் கடிகாரம் வெள்ளைக்காரன் நேரம் என்றேன். அவர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறந்ததிலிருந்து யாரும் எதுவும் தராத மனிதர். ஒரு தரம் சாமியே தந்தது என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தார்.

"அப்ப யாரும் எனக்கு ஒண்ணும் குடுக்கலையா?" என்றார். பிறகு, அப்பா கழுத்துக்கு ஆபத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூவார்தான் எனக்கு என்று நினைத்தேன்.

மறுநாள் கூடத்தில் தெருவே நின்றது. கடிகாரம் தோக்கியோவில் ஓடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் பிந்தித்தான் வந்தார், அதிலொன்றும் அதிசயமில்லை. தேவதாஸ் கேட்பதற்கு முன்பே கையைக் கட்டிக்கொண்டு பேசினார்.

"நான் சொன்னது பொய்ங்க. அன்னிக்கும் பிந்திதான் வந்தேன். பொண்ணு போயிருமேன்னு சாமி பேரச் சொல்லிட்டேன். ஐயா என் மானத்தக் காப்பாத்த ஒம்பதரைன்னாரு."

கூட்டம் சிரித்தது. பிள்ளையார் தொட்ட மனிதர் ஒரு வாக்கியத்தில் பழைய பிந்திப்போகிற வண்டிக்காரர் ஆகிவிட்டார். தேவதாஸ் அப்பாவைப் பார்த்து, அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டார்.

"பதினொரு மணி" என்றார் அப்பா. நேரத்தில் பொய் சொல்லாத மனிதர், அப்போதும் சொல்லவில்லை. தோக்கியோவில் அது பதினொன்றுதான்.

தேவதாஸ் விடவில்லை. நல்ல நேரம் பத்தரையோடு முடிந்தது, பிந்தினால் மூவார் என்று தெருவுக்கே கேட்கச் சொன்னீர்கள். பிந்தி வந்தவன் கையில் எதற்கு வெற்றிலை வாங்கினீர்கள் என்றார். இதற்குப் பதில் இல்லையென்றால் எல்லாம் வெளியே வந்துவிடும். கதவுக்குப் பின்னால்தான் நான் நின்றிருந்தேன்.

அப்பா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.

"எம் மகளுக்கு அவரப் புடிச்சிருக்கு" என்றார்.

அதுவரை என்னிடம் அதை அவர் கேட்டதே இல்லை. எனக்குப் பிடிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதவில் சாய்ந்து அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது. பெண்ணின் ஆசைக்கு விசாரணை வைக்க தேவதாஸுக்கு எந்த உத்தரவும் வரவில்லை போலிருக்கிறது. கைப்பட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கள் கல்யாணத்துக்கு அப்பா மணி குறிக்கவில்லை. முற்றத்துத் தென்னை நிழல் கிணற்றைத் தொடும்போது தாலி என்றார். நிழல் கிணற்றைத் தாண்டியபிறகுதான் மாப்பிள்ளை வந்தார். அப்பா கிணற்றைப் பார்க்காமல் தாலியை எடுத்துக் கொடுத்தார்.

பேர் மட்டும் போகவில்லை. அவரே பொய் என்று சொன்ன பிறகும் ஊர் நம்பவில்லை. ஜப்பான்காரனுக்குப் பயந்து மறைக்கிறார் என்றது. ஜப்பான்காரன் போய்க் கடிகாரமெல்லாம் பழையபடி திரும்பிய பிறகும் கேட்டார்கள். பேரப்பிள்ளைகளிடம் அவர் பிள்ளையார் கதையைத்தான் சொல்வார். ஒருநாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது, அதற்குச் சாமி எதற்கு, உங்களுக்கே தெரியுமே அது கடிகாரம் என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

"கடிகாரம்தான் சீதா, யாரு இல்லேன்னது? ஆனா நான் அன்னிக்கு நேரத்தோட ஒம்பதுக்கு வந்திருந்தா, ஒங்க வீட்டுக் கடிகாரத்துல அது ஏழரை. ராகு காலத்துல தட்டத் தூக்கிட்டு வந்தவன்னு ஒங்கப்பா வாசல்லயே தொரத்தியிருப்பாரு. அந்த மாட்டப் படுக்க வெச்சது யாரு?"

நானும் இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன்.