சாமி பேருக்கு வேண்டாம்

போன வருட விடுமுறையில், திருத்தணி மலைக்கோயில் அர்ச்சனை வரிசையில் நடந்தது இது.

நான் ஜெர்மனியில் பொறியியல் மேற்படிப்பு படிக்கிறேன். என் அறைத்தோழி சீனப்பெண். அங்கே எல்லோரும் அவளை ஓர் ஆங்கிலப் பெயரால் கூப்பிடுவார்கள். பள்ளியில் ஆங்கில ஆசிரியை வைத்தது. வெளிநாட்டில் படிக்கும் அவள் நாட்டுத் தோழிகள் பலருக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. அவளுடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவர இருந்தது. அதில் எந்தப் பெயரைப் போடுவது என்று தெரியாமல், படிவத்தில் அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு என்னோடு ஊருக்கு வந்திருந்தாள். நாங்கள் கோயிலுக்குப் போனதற்கு மறுநாள்தான் அதை அனுப்பக் கடைசி நாள்.

எனக்கு எதற்கும் பட்டியல் வேண்டும். படி ஏறுவது, தேங்காய்த் தட்டு, அர்ச்சனை, கீழே வந்து டிபன் என்று போனில் எழுதியிருந்தேன். அர்ச்சனைக்கு எதிரே 'சாமி பேருக்கு' என்று குறிப்பு. நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

என்ன சொன்னாய் என்று அவள் கேட்டாள். விளக்கினேன். "எனக்குத்தான் பெயர் இருக்கிறதே" என்று சொல்லி, தன் சொந்தப் பெயரைச் சொன்னாள். இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தும் அதை நான் ஒரு முறைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

குருக்கள் சொல்லிப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். மறுபடி சொன்னார். மறுபடியும் தலையாட்டினாள்.

பின்னால் நின்ற ஓர் அம்மா, "இன்னா சாமி, அந்தப் பேரு வர்றதுக்குள்ள நடை சாத்திடுவீங்க போலகீதே" என்றார். வரிசையே சிரித்தது.

"சித்த இரும்மா, வந்துண்டிருக்கு. நட்சத்திரம்?"

அவளைக் கேட்டுச் சொன்னேன்: "தெரியாதாம். சீனக் கணக்குல பொறந்தது புலி வருஷமாம்."

"புலியா? சரி, பேரே போதும்."

மூன்றாம் முறை, கடைசியில் சற்று ஏறும் அந்த ஒலியோடு சரியாக வந்தது. அவள் கைகூப்பினாள்.

இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். காலிக் கட்டத்தில் சொந்தப் பெயரை அடித்து அனுப்பிவிட்டாள்.

"இவருக்கு மூன்று முறை போதுமாக இருந்தது. என் பேராசிரியருக்கு இரண்டு வருடம் இருந்தது, ஒரு முறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை" என்றாள்.

அந்த இரண்டு வருடம் எனக்கும் இருந்தது. அங்கே என்னையும் இரண்டு எழுத்தில்தான் கூப்பிடுகிறார்கள். சுருக்கிக் கொடுத்ததே நான்தான். திரும்பிப் போனதும் ஆய்வகக் கதவில் என் முழுப் பெயரை ஒட்டினேன். படிப்பவர்கள் தடுமாறினால் இப்போதெல்லாம் நான் அவசரப்பட்டுச் சுருக்கிக் கொடுப்பதில்லை. மூன்று முறை வரை காத்திருக்கிறேன்.