ராவுத்தர் நிறுத்தும் இடம்

வால்மிளகு இரண்டை வாயில் போட்டுக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, சந்தைக்கூட்டம் சேரும்வரை ஒருவரோடும் பேசாமல் நிற்பார் சேக் தாவூது ராவுத்தர். வெற்றிலைக்காரி நலம் விசாரித்தாலும் தலையாட்டலோடு சரி. குரலைக் கண்டபடி செலவழிக்கக் கூடாதாம். ஈர்க்குச்சி உடம்பு. ஆனால் வாயைத் திறந்தால் கம்பம் சந்தையில் தேங்காய் ஏலம் போடுகிறவரே நிறுத்திவிட்டுக் கேட்பார்.

பாட்டுப் புத்தகம் விற்பது அவர் தொழில். கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் கவிழ்ந்த சிந்து எல்லாம் தோள்பையில் இருக்கும். எதையும் பாதிதான் பாடுவார். கொலைகாரன் கதவைத் தட்டும் இடத்தில் சட்டென்று நிறுத்தி, “மிச்சம் பொஸ்தகத்துல இருக்கு மாப்ள. வாங்கிப் படிச்சுக்கிருங்க” என்பார். திட்டிக்கொண்டே வாங்குவோம்.

முப்பத்தைந்தாம் வருஷ வாக்கில் கஞ்சாச் சிந்தை அவரே கட்டி அச்சடித்தார். மலையிலிருந்து இறங்குகிற இலை இளவட்டங்களைக் கெடுக்கிறதே என்ற ஆற்றாமையில் பிறந்த பாட்டு. முதல் பாதியில் ஒருவன் புகைத்துச் சொக்குகிறான், பின்பாதியில் சீரழிகிறான்.

“மேகமலைப் பச்சிலையே மேலே மேலே ஏத்துதடி
சோகமெல்லாம் புகையாகிச் சுருளிவரை போகுதடி”

தொழில் பழக்கம் விடுமா? சொக்குகிற இடத்திலேயே நிறுத்தினார். சின்னமனூர்வரை கமலை இறைக்கிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் அந்தப் பாதியைத்தான் பாடினார்கள். கஞ்சா புகைக்கிற சிலும்பியைத் தொட்டறியாத நானும் பாடினேன். பாடும்போது அந்தப் புகைமேல் ஓர் ஆசை வந்தது உண்மை. பாழாய்ப்போன மெட்டு, என்ன இனிப்பு! இன்றைக்கும் எங்காவது காதில் விழுந்தால் அந்தப் பதினெட்டு வயதுக்காக ஏங்கிப்போகிறேன். என் சேக்காளிகள் சிலர் பாட்டோடு நிற்கவில்லை. சிலும்பியைப் பற்றவைக்கும்போது அதைப் பாடுவது அவர்களுக்குச் சடங்காகவே ஆகிவிட்டது.

பாட்டே ஆசை மூட்டுகிறது என்று சொன்னால் ராவுத்தர் நம்பமாட்டார். கெட்டதெல்லாம் பின்னால் விவரமாகப் போட்டிருக்கிறதே என்று புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவார்.

ஒரு சந்தையன்று முருகம்மாள் வந்தாள். அவளுடைய ஒரே மகன் ஒச்சாண்டி, வேலைவெட்டியை விட்டுவிட்டுச் சிலும்பியும் அந்தப் பாட்டுமாகக் கிடந்தான். சோறும் இறங்குவதில்லை. அதைச் சொல்லி முறையிட்ட அவளிடமும் ராவுத்தர் புத்தகத்தைத்தான் நீட்டினார். அவள் வாங்கவில்லை, ஏசவும் இல்லை.

“எம் மகனுக்கு எழுத்துத் தெரியாது ராவுத்தரே. நீங்க வாயால சொன்னது மட்டுந்தேன் அவனுக்குத் தெரியும்.”

ராவுத்தர் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, அன்று பாடாமலே வீட்டுக்குப் போனார்.

அடுத்த சந்தையில் கஞ்சாச் சிந்தை எடுத்தார். கூட்டத்தில் ஒச்சாண்டியும் கண் சிவந்து நின்றான். ‘சுருளிவரை போகுதடி’ என்ற அடியோடு பாட்டு முடிந்ததென்று எல்லோரும் கலையப் பார்த்தார்கள். ராவுத்தர் நிறுத்தவில்லை. முழுவதும் பாடிவிட்டால் அப்புறம் புத்தகத்தை எவன் வாங்குவான் என்று எனக்கே பதறியது. அவர் பின்பாதிக்குள் இறங்கிவிட்டார்.

“ஏத்திவிட்ட புகைதானே எறக்குதடி குழியினிலே
பெத்தவளைப் பாத்தாலும் பேரு இல்லை நினைவினிலே”

யாரும் இந்த அடியைக் கேட்டதில்லை. ஒச்சாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். ராவுத்தர் பாடிக்கொண்டே கூட்டத்தை விலக்கிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் உதறினான். விடாமல், அவன் முகத்தைப் பார்த்தபடியே மீதிப் பாட்டைக் கடைசி அடிவரை பாடினார்.