கம்பியில் தொங்கிய கரும்பு

அவரை எல்லோரும் 'ஷாக்' என்றுதான் கூப்பிடுவார்கள். யானைக்கு மின்வேலி போடுவது தொழில். தலை நரைக்கும்வரை கம்பியும் பேட்டரியுமாகவே அலைந்தவர். "நான் போட்ட வேலி கெட்டுப்போய் யாராவது பார்த்திருக்கீங்களா?" என்று டீக்கடையில் சவால் விடுவார். யாரும் பார்த்ததில்லை.

இரண்டு காடுகளுக்கு நடுவே ஒரு தோட்டம். யானைகள் தண்ணீருக்குப் போகும் வழி அதற்குள்தான் ஓடியது. முதலாளி கேட்டார் என்று குறுக்கே வேலி இழுத்தவர் ஷாக். வேலி போட்டால் மட்டும் போதாது, யானை ஒரு தடவையாவது தொட வேண்டும். அதுவும் தும்பிக்கை நுனியால் தொட்டால்தான் உறைக்கும். அதனால் புது வேலியின் கம்பியில் கரும்பைக் கட்டித் தொங்கவிடுவது அவர் வழக்கம். கூட்டத்தை நடத்திவந்த பெண் யானைக்கு ஒரு காது கிழிந்திருக்கும். அதுதான் முதலில் கரும்புக்குத் தும்பிக்கையை நீட்டியது. அது அலறிய அலறலில் தோட்டத்து நாய்கள் ஒடுங்கிப்போயின. "பாடம் முடிஞ்சுது" என்று கையைத் தட்டிக்கொண்டு சாப்பிடப் போனார் அவர்.

அன்றிலிருந்து கூட்டம் சுற்றிப் போய் நெடுஞ்சாலையைக் கடந்தது. போன மழைக்காலத்தில் ஒரு யானைக்குட்டி லாரியில் அடிபட்டுச் செத்தது. அவருடைய மகள் வனக்காவலர். செல்போனைத் தூக்கிக்கொண்டு முண்டியடித்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு குட்டியின் பக்கத்தில் நின்றவள் அவள்தான். வீட்டுக்கு வந்தும் அப்பாவிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு தோட்டம் கைமாறி, அந்த வழி மறுபடியும் யானைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. வேலியைப் பிரிக்கவும் அவரையே கூப்பிட்டார்கள். ஒரு துண்டுக் கம்பி மிச்சமில்லாமல் பிடுங்கிக் குழிகளையும் மூடினார். யானைகள் வரவில்லை.

"கம்பிதான் போயிடுச்சே, இன்னும் என்னப்பா?" என்றாள் மகள்.

"அதுங்களுக்கு யாரு போய்ச் சொன்னா? கூப்பிட்டாத்தானே வரும்."

"எப்படிக் கூப்பிடுவீங்க, போன் போட்டா?"

"கிண்டலா? கரும்பு போடுவோம். கரும்பை வேணாம்னு சொல்ற யானைய நீ பார்த்திருக்கியா?"

மகள் சிரித்துவிட்டாள். அவளுடைய அதிகாரியும் சரி என்றார்.

மத்தியானம் வெட்டிய கரும்பை வேலி இருந்த இடத்தில் பரப்பிவிட்டு, இருவரும் ஜீப்புக்குப் பின்னால் காத்திருந்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் காது கிழிந்த யானை வந்தது. பின்னால் கூட்டம். நடுவே புதிதாகப் பிறந்த ஒரு குட்டி, இன்னும் நடை பழகாத கால்களோடு.

பெரிய யானை நேராகத்தான் வந்தது. காற்று கரும்பு கிடந்த பக்கமிருந்து வீசியது. தும்பிக்கை உயர்ந்தது. கால்கள் அப்படியே நின்றன. குட்டி மட்டும் கரும்பைப் பார்த்து ஓடியது. பெரியது அதை ஓர் அறை அறைந்து கீழே தள்ளி, இழுத்துத் தன் கால்களுக்கு நடுவே போட்டுக்கொண்டது. அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். மொத்தக் கூட்டமும் சாலைப் பக்கம் திரும்பியது.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"போம்மா, ரோட்டை மறி," என்றார். மகள் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினாள்.

அவர் தனியாக நின்றார். தூரத்தில் பிரேக் கிறீச்சிட்டது. நீளமாக ஒரு ஹாரன். பிறகு சத்தமில்லை. கையில் போனைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். வெளிச்சம் மங்கும்போது அது அடித்தது.

"தாண்டிடுச்சுப்பா. ஒரு லாரி கொஞ்சத்துல தப்பிச்சுது. எல்லா நாளும் நான் இங்க நிக்க முடியுமா?" அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "கரும்பைப் பார்த்துமா வராம போச்சு?"

"பார்த்ததாலதான். அந்த இடத்துல கரும்பு வாசம் வந்தா என்ன அர்த்தம்னு நான்தானே அதுக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

அந்தப் பக்கம் ஜீப் கதவு சாத்தும் சத்தம். பிறகு, "எப்பப்பா மறக்கும்?"

"நான் போட்ட வேலி கெட்டுப்போய் யாராவது பார்த்திருக்காங்களா?" என்றார். குரலில் சவால் இல்லை.

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்து கரும்புகளைப் பொறுக்கத் தொடங்கினார். காது கிழிந்த கிழவி மறக்காவிட்டாலும் அந்தப் பயம் அவளோடு போய்விடும் என்று ஓர் ஓரத்தில் நம்பியிருந்தார். குட்டி கீழே விழுந்த தடம் மண்ணில் அப்படியே இருந்தது. கம்பியைக் கண்ணால் பார்த்திராத அதற்கும் இன்று பாடம் முடிந்துவிட்டது.