பெயர்க்கல்லுக்கு விட்ட இடம்

எங்கள் சொந்தக்காரர்கள் யார் வீட்டுக்குப் போனாலும், ஆள் வெளியே வருவதற்கு முன்னால் அத்தையின் கைவேலைதான் நம்மை வரவேற்கும். வீட்டின் பெயரை உடைந்த டைல்ஸ் துண்டுகளால் எழுத்து எழுத்தாக ஒட்டிச் செய்த பலகை. வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

அப்பா தென்காசியில் டைல்ஸ் ஒட்டும் கொத்தனார். வேலை முடிந்து வரும்போது உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து வாடகை வீட்டின் பின்புறம் கொட்டுவார். எதற்கு என்று அம்மா கேட்டால், "கெடக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பார். அந்தக் குவியலைப் பார்த்தாலே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை எதற்காவது ஆக்கிக் காட்டியவள் அத்தை, அப்பாவின் தங்கை. சிவகிரியில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவள். ஏன் வந்திருக்கிறாள் என்று கேட்டதற்கு, "லீவுக்கு வந்திருக்கா" என்று சொன்னார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. ஒன்பது வயதாகியும் அத்தையின் லீவு முடியவில்லை. எனக்கெல்லாம் காலாண்டு விடுமுறை கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறதே என்று பொறாமையாக இருந்தது.

அத்தை போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். கட்டிங் பிளேயரால் டைல்ஸைச் சின்னச் சின்னதாக நறுக்கி, கடப்பாக்கல்லில் ஒட்டி, இடுக்குகளில் வெள்ளை சிமெண்டைத் தேய்த்து, மறுநாள் ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து பளிச்சென்று வரும். குற்றாலத்துப் பெரியம்மா வீட்டுக்கு அருவி வைத்துச் செய்தாள். பாதி அருவியில் நீலம் தீர்ந்துவிட்டது. அப்பாவிடம் அப்போது யாரோ ஒருவருடைய குளியலறையின் இளஞ்சிவப்புதான் மிச்சமிருந்தது. அதனால் பெரியம்மா வீட்டு வாசலில் மெயினருவி இன்றைக்கும் இடுப்புக்குக் கீழே ரோஸ் மில்க்காகத்தான் விழுகிறது. பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த சித்தப்பாவுக்குத் தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் வைத்துச் செய்து கொடுத்தாள். வெங்காயத்தை விட்டுவிட்டாள் என்று அவர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எல்லாருக்கும் செய்த அத்தை, நாங்கள் கட்டிய வீட்டுக்கு மட்டும் செய்யவில்லை. அம்மாவின் அண்ணன், என் மாமா, முந்திக்கொண்டார். கறுப்பு கிரானைட்டில் தங்க எழுத்தில் தாத்தா பெயரை வெட்டிக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார். அதற்காகவே வாசல் தூணில் சதுரமாக இடம் விட்டுப் பூசியிருந்தது. "கல்லே வரட்டும் மதினி, அதான் பாந்தமா இருக்கும்" என்று அத்தையும் சொல்லிவிட்டாள்.

பால் காய்ப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமா வந்திருந்தார். காப்பியை உறிஞ்சிக்கொண்டே அம்மாவிடம், "புது வீட்டுக்கு அவளும் வாராளா?" என்று கேட்டார். அடுப்படியில் அத்தை பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அம்மா முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். மறுநாள் அத்தை, திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது, பால் காய்ப்பு முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்றாள். எனக்கு அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. இட்லி மாவில் உப்பு கூடிப்போச்சு, குறைஞ்சு போச்சு என்று தினமும் அத்தையோடு மல்லுக்கு நிற்கிறவளுக்கு, அன்றைக்குப் பார்த்தா வாயடைக்க வேண்டும்?

அத்தை போகக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ரிஜிஸ்டரில் பெயர் இருந்தால், டி.சி. வாங்காமல் யாரும் எங்கேயும் போக முடியாது. அப்படியானால் வீட்டில் பெயர் இருக்கிறவர் மட்டும் எப்படிப் போக முடியும்?

பால் காய்ப்புக்கு முந்தின நாள் மத்தியானம் அம்மாவும் அத்தையும் காய் வாங்கப் பாவூர்சத்திரம் போனார்கள். அப்பா புது வீட்டின் பின்பக்கம் குளியலறையில் கடைசி வரிசை ஒட்டிக்கொண்டிருந்தார். வேலையில் உட்கார்ந்துவிட்டால் கூரை விழுந்தாலும் நிமிர மாட்டார். முன்னால் ஒரு மூட்டைப் பசைப்பொடி இருந்தது. குற்றாலத்தில் ஒரு விடுதி நீச்சல் குளத்துக்கு வாங்கியதில் மிச்சம். "இதுல ஒட்டுனா வீடு போனாலும் டைல்ஸ் போவாது" என்று அப்பா பீற்றிக்கொள்ளும் பசை. சட்டியில் அள்ளிப் போட்டு, தண்ணீரை ஊற்றிக் கலக்கி, பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று, கல்லுக்கு விட்டிருந்த இடத்தில் பூசினேன். பையில் எடுத்து வந்திருந்த, அத்தை நறுக்கி வைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தேன். அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டு வைகாசியிலேயே தூற ஆரம்பித்திருந்தது. பாதி நேரம் ஒரு கையில் குடை.

சிவப்பில் 'அத்தை' என்று பெரிதாக வைத்தேன். வைத்து முடித்துப் பார்த்தால் இடத்தில் முக்கால்வாசி போய்விட்டது. 'வீடு' என்பதை மூலையில் நெருக்கித் திணிக்க வேண்டியதாயிற்று.

ஒட்டி முடித்துக் கையைக் கழுவுவதற்குள் குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. மாமா போர்வையில் சுற்றிய கல்லோடு முன்னால் இருந்தார். காய் மூட்டைகளோடு அம்மாவும் அத்தையும் பின்னால். மாமா இறங்கி, தூணைப் பார்த்து, வாய்விட்டுப் படித்தார்.

"அத்தை வீடு. என்னது இது?"

"ஏட்டி, என்னட்டி பண்ணி வச்சிருக்க?" என்று அம்மா என் காதைத் திருகினாள். சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்தார். வந்தவர் என்னைத் திட்டவில்லை. தூணருகே குனிந்து விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்த்தார். டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கு அது ஒரு பழக்கம். அடியில் பசை இல்லாத இடம் பொள்ளலாகச் சத்தம் போடும்.

"எவ்வளவு தண்ணி ஊத்துன?"

"ரெண்டு மக்கு."

அப்பா விரல் முட்டியை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "ம். சரியாத்தான் ஊத்திருக்க."

"மாப்ள, அந்த ஆராய்ச்சிய பொறவு வச்சுக்கிடும். மொதல்ல பேத்து எடும்" என்றார் மாமா. "விடிஞ்சா பால் காய்ப்பு. ஊரே வந்து சிரிக்கும்."

அத்தை கறிவேப்பிலைக் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "பேத்துருங்கண்ணே. சின்னப்பிள்ள தெரியாம ஒட்டிட்டா" என்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தூணுக்குப் பக்கத்தில் போனாள். கட்டைவிரலால் ஒரு துண்டை அழுத்திப் பார்த்தாள்.

"காஞ்சு போச்சுண்ணே. இனி வராது."

"ஆமா மச்சான்" என்றார் அப்பா, வேகவேகமாக. "நீச்சல் குளத்துப் பசையாக்கும். கைய வச்சா தூணே கையோட வந்துரும்."

மாமா கல்லையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இத எங்கன வைக்க?" என்றார். அந்தக் கல் இன்றைக்கும் எங்கள் பீரோவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

அம்மா அத்தையின் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அங்கன என்ன நட்டமா நிக்க? காய எறக்கு. நாளைக்கு வாரவங்க அத்தை எங்கன்னு கேட்டா, ஹாஸ்டல்ல இருக்கான்னு நானா பதில் சொல்லிக்கிட்டுத் திரிய?"

அத்தை கறிவேப்பிலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். 'வீடு' சின்னதாகிவிட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்து, "அடுத்த தடவ பெருசா ஒட்டுதேன் அத்தை" என்றேன். அவள் அழுகை கூடிப்போயிற்று.

அத்தை போகவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் நான் விட்ட பீற்றலுக்கு அளவே இல்லை. மாமாவாலேயே அசைக்க முடியாத பசை, நான் கலக்கியது. கல்யாணமாகி வந்த இடத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். போன வருஷம் எங்கள் அடுப்படியில் டைல்ஸ் ஒட்ட அப்பா வந்திருந்தபோது, "நான் கலக்கித் தாரேன், நம்ம கை ராசி அப்படி" என்றேன். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீ கலக்குனது பசையா அது? கஞ்சி. சாரல் வேற. நான் தட்டுறேன், ஒவ்வொண்ணும் வழுகுது. ஒங்கம்மா விரல வைக்கா, துண்டு விரலோட வருது. அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுல்லா காஞ்சு போச்சுன்னா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப எப்படி நின்னுச்சு?"

"நீங்க சாப்பிடப் போன பொறவு நாங்க ரெண்டு பேரும் எல்லாத்தையும் எடுத்து, புதுசா கலக்கி, திரும்ப ஒட்டுனோம். அந்த 'வீடு'வ மட்டும் கொஞ்சம் பெருசாக்கட்டுமான்னு கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், பிள்ள ஒட்டுன மாதிரியே கோணலா இருக்கட்டும், இல்லன்னா அவ கண்டுபிடிச்சிருவான்னுட்டா. ஒவ்வொரு துண்டா தொடச்சு ஒங்கம்மாதான் எடுத்துக் குடுத்தா."